துணைவிளக்கு: மலாக்காத் தோட்டச் சாலைகளில் ஒளியின் வரலாறு

விளங்குதல் தன்வினை, விளக்குதல் அதன் பிறவினை. தான் பிறர் கண்ணுக்குப் புலப்படுவது விளங்குதல். பிறிதொன்றைக் கண்ணுக்குப் புலப்படுத்துவது விளக்குதல். இருளில் வழிச்செல்வோனுக்கு இவ்விரண்டும் வேண்டும். வழியை அவன் காணவேண்டும். எதிரே வருவோர் அவனைக் காணவும் வேண்டும். மலாக்கா மாநிலத்துத் தமிழ்த் தொழிலாளர் வாழ்வில் முதல் தேவை தொழிலோடு உடன்பிறந்தது. இரண்டாவது தேவை நெடுங்காலம் கழித்தே உணரப்பட்டது. மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் இன்று பூட்டப்படும் சிறு துணைவிளக்கு, இவ்விரு தேவைகளுக்கும் இடைப்பட்ட வரலாற்றைத் தன்னுள் அடக்கியுள்ளது.

இருளில் தொடங்கிய தொழில்

மலாயாவில் வாணிக நோக்குடன் இரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்ட இடம் மலாக்காவே. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லியின் தூண்டுதலால், தான் சாய் யான் என்னும் சீன வணிகர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். பின்னர்ப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. உலகெங்கும் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, அவற்றின் சக்கரங்களுக்கு இரப்பர் வேண்டியிருந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பரவின. கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்து லயங்களில் குடியேறினர்.

பால்மரம் வெட்டும் தொழில் விடியலுக்கு முன்னரே தொடங்குவது ஏன்? மரப்பட்டையிலுள்ள பாற்குழல்களில் நீரழுத்தம் இரவின் கடைப்பகுதியில் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடும்; அழுத்தம் குறையும்; பால் விரைவில் நின்றுவிடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்குச் சென்று, பெயர் கொடுத்து, விடியுமுன் நிரையை அடையவேண்டியிருந்தது. பகலிலும் நிழல் மண்டிய தோப்பில் அவ்வேளை கையும் கத்தியும் தெரியா. மண்ணெண்ணெய் விளக்கும், நெற்றியில் கட்டிய விளக்குமே அவர்களுக்குத் துணை. அவ்வொளி வெட்டுக்கோட்டையும் காலடியையும் காட்டினாற் போதும். அது பொருளை விளக்கிற்று. அதை அணிந்த மனிதன் விளங்கவேண்டும் என்னும் எண்ணத்திற்கு அங்கு இடமில்லை.

கார்பைட் கல்லும் டைனமோவும்

1892-இல் வட அமெரிக்காவில் தாமஸ் வில்சன் என்பார் மின்னுலையில் கால்சியம் கார்பைட் செய்யும் முறையைக் கண்டார். சாம்பல் நிறமான இக்கல்லின்மீது நீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு எழும். எரித்தால் வெள்ளொளி தரும். மேலறையில் நீர், கீழறையில் கல், முன்னே ஒரு துளை, பின்னே பளபளப்பான தகடு: இவ்வளவே கார்பைட் விளக்கு. சுரங்கத்திலும், மிதிவண்டியிலும், தொடக்ககால மோட்டார் சைக்கிளிலும், பால்மரக் காட்டிலும் ஒரே விளக்கே பயன்பட்டது. வேலை முடிந்தபின் கீழறையில் எஞ்சிய சுண்ணாம்பைச் சுரண்டி எறிவதும் அன்றாடப் பணிகளுள் ஒன்று.

மிதிவண்டி தொழிலாளர் கைக்கு வந்தபொழுது, சக்கரத்தோடு உராய்ந்து சுழலும் டைனமோவும் உடன் வந்தது. அது தரும் மின்னாற்றல் வழக்கமாக 6 வோல்ட், 3 வாட். இதில் ஒரு குறை உண்டு. சக்கரம் சுழன்றால் ஒளி, நின்றால் இருள். தோட்டத்துச் செம்மண் வழி தார்ச்சாலையைச் சேரும் முனையில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பவன், பிறர் கண்ணில் படவேண்டிய அந்த வேளையிலேயே மறைந்துவிடுவான்.

ஒளி ஐயத்திற்குரியதான காலம்

1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் தோட்டப்புறங்களில் ஊரடங்கு வந்தது. இரவு நடமாட்டம் தடைப்பட்டது. முன்னர் வழிகாட்டிய விளக்கு அப்பொழுது ஐயத்தை எழுப்பும் பொருளாயிற்று. 1953 செப்டம்பர் 3-ஆம் நாள் மலாக்காவின் ஒரு பகுதி ‘வெள்ளைப் பகுதி’ என அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே கட்டுப்பாடுகள் இவ்வாறு தளர்த்தப்பட்ட முதற்பகுதி இதுவே. இரவில் விளக்கேற்றிக்கொண்டு சாலையில் அச்சமின்றிச் செல்வது, அங்கு வாழ்ந்தோர்க்கு மீண்டும் கிடைத்த உரிமையாகும். அவசரகாலம் நாடெங்கும் 1960-இல் முடிவுற்றது.

கப்சாயும் ஆறு வோல்ட்டும்

1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் சிறு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. மலேசிய மக்கள் நாவில் இவ்வகை வண்டிகளுக்குக் ‘கப்சாய்’ என்னும் பெயர் நிலைத்தது. மிதிவண்டியின் இடத்தை அது பையப்பையப் பிடித்தது. பிள்ளையைப் பள்ளிக்கும், நோயாளியை மருத்துவமனைக்கும், வெட்டுக்காரரை வேலைக்காட்டிற்கும் சுமந்தது அதுவே.

எனினும் டைனமோவின் குறை அதிலும் தொடர்ந்தது. பழைய கப்சாய்களுள் பலவற்றில் முகப்பு விளக்கு, எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரத்திலிருந்து நேரே மின்சாரம் பெற்றது. எஞ்சின் விரைந்தால் ஒளி கூடும், தணிந்தால் மங்கும். மின்னழுத்தமும் தாழ்ந்தது. 25 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்று மேலாக இழுக்கும். 12 வோல்ட்டில் அதிற் பாதியே. மின்னோட்டம் இருமடங்கானால், ஒரே வயரில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் நான்மடங்காகும். பின்வந்த வண்டிகள் 12 வோல்ட்டிற்கு மாறியதன் காரணம் இதனால் விளங்கும்.

துணைவிளக்கு பூட்டும் முறை

முகப்பு விளக்கின் போதாமையே துணைவிளக்கை வரவழைத்தது. இலக்கணத்தில் துணைவினை முதல்வினையைச் சார்ந்து நின்று அதன் பொருளை நிறைவு செய்வது போலவே, துணைவிளக்கும் முகப்பு விளக்கைச் சார்ந்து நிற்கவேண்டும். முதலில் எழும் வினா வண்டியின் மின்கொள்ளளவு பற்றியது. 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சிறு கப்சாயின் மின்னாக்கி அதனைத் தாங்காது, பேட்டரி வற்றும். 10 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டுக்கு 2 ஆம்பியருக்கும் குறைவே போதும். 1993-இல் ஒளிமிக்க நீல எல்.இ.டி. உருவானமையே வெள்ளை எல்.இ.டி.க்கு வழி திறந்தது. அக்கண்டுபிடிப்புக்கு 2014-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் வயரில், முனைக்கு மிக அருகிலேயே பியூஸ் அமையவேண்டும்; இத்தகைய எல்.இ.டி. இணைக்கு 5 ஆம்பியர் போதும். பியூஸைத் தாண்டிய வயர் ரிலேயின் 30 என்னும் முனைக்கும், 87 என்னும் முனையிலிருந்து விளக்குகளுக்கும் செல்லும். 85, 86 ஆகியவை ரிலேயின் உட்சுருளுக்குரியவை. அவற்றுள் ஒன்று தரைக்கும், மற்றொன்று சுவிட்ச் வழியாகச் சாவி திறந்தால் மட்டுமே மின்சாரம் பெறும் வயருக்கும் செல்லும். சுவிட்சில் சிறு மின்னோட்டம். விளக்கிற்குப் பெரு மின்னோட்டம்: இதுவே ரிலேயின் பயன். சிறு எல்.இ.டி.க்கு ரிலே இன்றியமையாததன்று, ஹாலஜனுக்கு இன்றியமையாதது. சாவியை மூடினால் விளக்கும் அணையும், பேட்டரி வீணாகாது.

வயரின் நிறத்தை நம்புவோர் நிறுவனத்தையும் நோக்கவேண்டும். ஹோண்டா வண்டிகளில் பச்சை வயர் தரை. கறுப்பு வயர் சாவி திறந்ததும் உயிர்பெறுவது. யமஹாவிலோ கறுப்பே தரை. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தவறினால் பியூஸ் எரியும். பியூஸ் இல்லையெனில் வயரே எரியும். கைப்பிடி இருபுறமும் திரும்பும் அளவிற்கு வயரில் தளர்வு வேண்டும். புகைக்குழாயைத் தொடாமல் அது செல்லவேண்டும். மழை மிகுந்த நாட்டில் வெறுமனே முறுக்கிய இணைப்பில் நீர் புகும், செம்பில் களிம்பேறும், ஒளி நாளடைவில் மங்கும். ஆகவே இணைப்புகளைப் பற்றவைத்து உறையிட்டு மூடுவதே முறை.

இறுதியாக விளக்கின் நோக்கு. கதிர் சற்றுத் தாழ்ந்து சாலையில் விழவேண்டும். எதிரே வருவோனின் கண்ணைக் கூசச்செய்யும் ஒளி, பூட்டியவனுக்கே பகையாகும். கண் கூசியவன் எதிரிலுள்ள வண்டியின் தொலைவை அறியான். வாகனத்தில் எவ்வகை விளக்கு எவ்வாறு அமையலாம் என்பதைச் சட்டவிதிகளும் வரையறுக்கின்றன. அவற்றை அறிந்த பின்னரே வயரில் கை வைத்தல் நன்று.

பகலிலும் எரியும் விளக்கு

1992 செப்டம்பரில் மலேசிய அரசு, மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டுச் செல்லவேண்டும் எனக் கட்டாயமாக்கியது. பட்டப்பகலில் விளக்கு எதற்கு? வழியைக் காண்பதற்கன்று, பிறர் காண்பதற்கே. சிரம்பான், ஷா ஆலாம் வட்டாரங்களில் ராடின் உமாரும் உடனாய்வாளர்களும் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டுநர் கண்ணில் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் அவ்விதிக்குப் பின் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. தொழிலாளியின் நெற்றியில் விளக்கெரிந்த காலத்தில் எண்ணப்படாத ஓர் உண்மை, இவ்வாறு அளவிடப்பட்டுச் சட்டமாயிற்று.

இதற்கிடையே தோட்டங்களும் மாறின. பால்மரம் இருந்த நிலங்களில் செம்பனை எழுந்தது, வீடமைப்புகளும் எழுந்தன. லயங்களில் பிறந்த தலைமுறையினர் பத்து பிரண்டாம், தஞ்சோங் கிளிங் தொழிற்பேட்டைகளுக்கும் நகரங்களுக்கும் வேலை தேடிச் சென்றனர். பெரட்டு மறைந்தது, ஷிப்டு வந்தது. விடியலுக்கு முந்திய இருள் மட்டும் மாறவில்லை. பாட்டன் நெற்றி விளக்கோடு நடந்த அதே வேளையில் பேரன் கப்சாயில் செல்கிறான். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்னும் செய்தி, இவ்வரலாற்றைப் பொழுதுபோக்கிற்குரியதாக விடவில்லை.

விளங்குதல், விளக்குதல் என்னும் இரு வினைகளையும் வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வண்டியினும் எளிய சான்று கிடைத்தல் அரிது. தோட்டச் சாலை தார்ச்சாலையைச் சேரும் முனையில் நிற்கும் வண்டியின் டைனமோ அன்று அணைந்தது. காந்தச் சக்கரத்து ஒளி பின்னர் மங்கியது. பேட்டரியிலிருந்து முறையாக இணைக்கப்பட்ட துணைவிளக்கு அங்கே மங்காது நிற்கும். அதன் விலை சிறிது. வயரிடும் உழைப்பும் அரைநாளைக்கு மேற்படாது. தன் இருப்பைப் பிறர்க்கு அறிவிப்பதற்கு ஒரு தொழிலாளி கொடுக்கும் விலை அதுவே.