அரசகுமாரிகள், சிகரங்கள், சக்கரவர்த்திகள்: ஏர் இந்தியா விமானங்களின் நாமகரணம்

விமானம் ஒவ்வொன்றும் தன் தேசத்தைக் குறிக்கும் எழுத்துக்களோடு கூடிய பதிவு அடையாளத்தைச் சட்டப்படி தாங்கியே பறப்பதால், ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிவதற்கு வேறு பெயர் எதுவும் அவசியமில்லை; அவசியமில்லாத அப்பெயரை ஒரு ஸ்தாபனம் சிரத்தையுடன் தேர்ந்தெடுத்துச் சூட்டுமாயின், அதன் பிரயோசனத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். இது வெறும் விளம்பர உபாயமே என்று கூறி விஷயத்தை முடித்துவிடுவோர் உண்டு. ஆயினும், ஏர் இந்தியா தன் விமானங்களுக்கு இட்ட பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாடு தன் பழமையில் எவற்றையெல்லாம் தனதென்று உரிமை கொண்டாடியது என்பதே அவற்றில் பதிந்து கிடக்கக் காண்கிறோம் என்பது என் துணிபு.

1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்ட கான்ஸ்டலேஷன் விமானத்தின் பெயர் 'மலபார் பிரின்ஸஸ்'. பின்னர் ராஜபுத்திர, காஷ்மீர அரசகுமாரிகளும் வந்து சேர்ந்தனர். சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்திய யூனியனில் ஐக்கியமாகிக்கொண்டிருந்த அந்நாளில், பிரதேசத்தின் பெயரோடு அரச மகளிரின் பட்டத்தைச் சேர்த்து வழங்குவது இயல்பாகவே தோன்றியிருக்கும். 1960 முதல் வந்த போயிங் 707 ஜெட் விமானங்களுக்கு நந்தாதேவி, கஞ்சன்ஜங்கா முதலிய இமயச் சிகரங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. உயரப் பறப்பதற்கு உயர்ந்த மலை பொருத்தமானது என்பதற்கு மேல் அதில் ஆராய்வதற்கு அதிகமில்லை.

1971இல் போயிங் 747 வந்தபோதுதான் ஆராய்ச்சிக்குரிய பிரச்சினை எழுகிறது. ஜன்னல் ஒவ்வொன்றையும் சுற்றி ராஜஸ்தானத்து மாளிகைச் சாளரம் போன்ற வளைவு சிவப்பு வர்ணத்தில் தீட்டப்பெற்று, 'வானத்து அரண்மனை' என்று பிரகடனம் செய்யப்பட்ட அவ்விமானத்துக்கு 'எம்பெரர் அசோகா' என்று பெயரிட்டார்கள். அதே 1971ஆம் ஆண்டின் இறுதியில், அரசியல் சாசனத்தின் 26ஆவது திருத்தம் முன்னாள் மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் ஒழித்தது. முடியை நீக்கிய குடியரசே தன் விமானங்களுக்கு முடிமன்னர் பெயரைச் சூட்டியது முரண்பாடு அல்லவா என்று வினவலாம். அல்ல என்பதே என் விடை. வாரிசுகளிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்டது. முன்னோரின் புகழோ பொதுச்சொத்தாயிற்று. மௌரியரும் குப்தரும் மட்டுமல்லர், முகலாய அக்பரும் ஷாஜஹானும், விஜயநகரக் கிருஷ்ணதேவராயரும், கடல் கடந்து கடாரத்தின்மேல் படை செலுத்திய ராஜேந்திர சோழனும் அவ்வரிசையில் இடம்பெற்றனர். மத்திய ஆசியாவிலிருந்து வந்த மரபில் தோன்றி, தன் நாணயங்களில் கிரேக்க, ஈரானியத் தெய்வங்களோடு புத்தர் பெருமானையும் பொறித்த கனிஷ்கனும் அதில் ஒருவன். சமயத்தையோ பிறப்பையோ அளவுகோலாகக் கொண்டவர்கள் இத்தகைய பட்டியலைத் தொகுத்திருக்க மாட்டார்கள். இதனை மிக உயர்ந்த சரித்திர நோக்கு என்றே மதிக்கிறேன்.

ஆனால் பெயர் சூட்டியவரின் கருத்தோடு பெயரின் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. 1985 ஜூன் 23 அன்று, மாண்ட்ரீலிலிருந்து லண்டனை நோக்கி வந்துகொண்டிருந்த 'எம்பெரர் கனிஷ்கா', அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் வெடிகுண்டினால் சிதறியது. 329 பேரும் மாண்டனர். விசாரணை ஏடுகளில் அது 182ஆம் எண் பயணம். இந்தியரின் வாயிலோ அன்று முதல் இன்றுவரை அது 'கனிஷ்கா' விபத்துதான். விளம்பரத்துக்காக மட்டும் எழுதப்பட்ட பெயராயின் விமானத்தோடு அதுவும் மூழ்கியிருக்கும். துயரத்தைத் தாங்குவதற்கு எண் போதாது என்று கண்ட மக்கள் அப்பெயரைத் தமதாக்கிக் கொண்டனர்.

பின்னர் வந்த 747-400 ரக விமானங்களுக்குக் கோனார்க், கஜுராஹோ, அஜந்தா, தஞ்சாவூர் என்று ஊர்ப் பெயர்கள் வந்தன. அரசனை விட்டு, அவன் காலத்துச் சிற்பியும் ஓவியனும் உழைத்த தலத்துக்குக் கருத்து நகர்ந்த இம்மாற்றம், சக்கரவர்த்திகளின் வரிசையிலேயே தொடங்கிய பொதுவுடைமை எண்ணத்தின் அடுத்த படி என்று கொள்வதில் தவறில்லை.