உறைநிலைக் கருக்காப்பு வரலாறும் வேம்பூர்ச் செம்மறியும்

விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் நிலத்திற்குரியது வேம்பூர்ச் செம்மறி. வெண்ணிற உடலில் செந்நிறத் திட்டுகள் உள்ளமையால் இது 'பொட்டு ஆடு' எனவும் வழங்கப்பெறுகிறது. இத்தகைய நாட்டினங்களின் மரபுவளத்தைக் காக்கும் வழிகளுள் ஒன்று, கருவை உறையவைத்துப் பேணுதல் ஆகும்.

உறையும் நீர் பனிப்படிகமாகி உயிரணுவைச் சிதைப்பதே இம்முறையின் முதற்சிக்கல். கிளிசரால் சேர்த்தால் சேவலின் விந்தணு உறைநிலையிலும் பிழைக்கும் என்பதை 1949இல் போல்ஜ், சுமித், பார்க்ஸ் ஆகியோர் வெளியிட்டனர். 1972இல் விட்டிங்காம், லீபோ, மேசர் ஆகியோர் டைமெத்தில் சல்பாக்சைடின் துணையால் -196° செல்சியசில் உறைந்த சுண்டெலிக் கருக்களிலிருந்து உயிருள்ள குட்டிகளைப் பெற்றனர். சில ஆண்டுகளில் வில்லட்சன் குழுவினர் செம்மறிக் கருவிலும் இதனைச் சாதித்தனர். 1985இல் ரால், ஃபாகி இருவரும் பனிப்படிகமே தோன்றாத கண்ணாடியாக்க முறையை நிறுவினர். ஆயின் அதற்கு வேண்டிய செறிவில் காப்புப்பொருளே கருவுக்கு நஞ்சாகக்கூடும். ஆதலால் உருக்கியபின் அதனைக் கழுவி நீக்குதல் இன்றியமையாதது.

இவ்வரலாறு காப்பின் எல்லையையும் உணர்த்துகிறது. உருகிய கரு வளர ஒரு பெட்டையின் கருப்பை வேண்டும். பிறந்த குட்டி வளர மேய்ச்சல் நிலமும் கிடை போடும் கீதாரியின் பட்டறிவும் வேண்டும். இவற்றை எக்குளிர்கலனிலும் சேமித்தல் இயலாது. எனவே உறைநிலைக் கருக்காப்பு மந்தைக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.