நேட்டால் கப்பல் பதிவேடுகள்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேருடன், இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டால் சென்ற 1,52,184 பேரில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதனெதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், அங்க அடையாளம் ஆகியவை பதிவாயின.

இப்பதிவேடுகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. தேடுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே பெயர் பலவாறு காணப்படும். மாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன: 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை அப்பகுதி ஊர்கள் பல வட ஆற்காட்டில் இருந்தன. முன்னோரின் எண் தெரிந்தால் பூர்வீக ஊரைக் கண்டறிவது எளிதாகிறது.