ஒப்புதலும் இசைவும்

'ஒப்பு' என்றால் நிகர், சமம். ஒப்புமை, ஒப்பிடு, ஒப்புரவு எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. கருத்தால் ஒருவரோடு ஒருவர் நிகராவதே ஒப்புதல்.

பல்கலைக்கழக ஆய்வில் இச்சொல் இரண்டு வேலை செய்கிறது. ஆய்வைத் தொடங்க நெறிமுறைக் குழு தருவதும் ஒப்புதல். ஆய்வுக்கு உட்படுபவர் தருவதும் ஒப்புதல். முன்னது அதிகாரம், பின்னது உரிமை. குழு அனுமதித்துவிட்டது என்பதால் யாரும் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்லர்.

இந்த வேறுபாட்டைப் புறக்கணிப்பதன் விலையை அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வு காட்டியது. 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை அரசின் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சை தராமல் கவனித்துவந்தது. 'கெட்ட ரத்தத்துக்கு' வைத்தியம் என்றே அவர்களிடம் சொன்னார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அவர்கள் ஆய்வுக்கு வந்தது உண்மை. ஆனால் அறியாமல் தலையாட்டியது ஒப்புதல் ஆகுமா? ஒருவருக்கு எல்லாம் தெரிந்து மற்றவருக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் 'ஒப்பு' ஏது? 1974இல் அந்நாடு ஆய்வுக் கண்காணிப்பைச் சட்டமாக்கியதற்கு இதுவே பெருங்காரணம்.

ஆகவே குழு தருவதை 'ஒப்புதல்' என்றும், மனிதர் தருவதை 'இசைவு' என்றும் பிரித்து எழுதலாம். இசைதல் மனம் பொருந்துதல். பொருந்தாதபோது விலகலாம் என்பதும் அதில் அடங்கும். படிவம் எழுதுவோர் இதைக் கைக்கொள்ள வேண்டுகிறேன்.