எமிலி டிக்கின்சனின் கொடிவழி

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் (1830–1886) கொடிவழியை வரைவோர், பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து குடியேறிய நத்தானியேல் டிக்கின்சனிடம் தொடங்குவர். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாட்லி ஊரை நிறுவியோருள் அவரும் ஒருவர். அதன்பின் ஆண்பெயர்களே நீள்கின்றன. பாட்டனார் சாமுவேல் 1821இல் தோன்றிய ஆமர்ஸ்ட் கல்லூரிக்காகச் செல்வமெல்லாம் இழந்து, 1838இல் ஒகையோவில் மறைந்தார். கைவிட்டுப் போன வீட்டைத் தந்தை எட்வர்டு 1855இல் மீட்டார்.

எமிலியும் தங்கை லவீனியாவும் மணந்துகொள்ளவில்லை. தமையன் ஆஸ்டினின் மக்களுள் கில்பர்ட் எட்டு வயதில் மாண்டான், நெட் மணமாகாமலே 1898இல் மறைந்தார், மார்த்தாவுக்கு மக்கட்பேறில்லை. 1943இல் அவருடன் எட்வர்டின் நேர்வழி அற்றது. கொடிவழி எழுதுவோர் இங்கே கோடிட்டு நிறுத்துவர். தமக்கையின் அறையில் கையெழுத்துச் சுவடிகளைக் கண்டெடுத்து, அவற்றை அச்சேற்றியே தீர்வதென முனைந்த லவீனியாவுக்கு அக்கொடியில் கிடைப்பது காய்க்காத கிளையின் இடமே. இது நேர்மையான கணக்கன்று.

லவீனியா சுவடிகளை முதலில் அண்ணி சூசனிடமும், பின்னர் மேபெல் லூமிஸ் டாடிடமும் ஒப்படைத்தார். 1890இல் முதல் தொகுதி வெளிவந்தது. மேபெலோ ஆஸ்டினின் காதலி. அவ்வுறவால் மூண்ட பகை சுவடிகளையும் இரண்டாகப் பிரித்தது. சூசனின் பங்கு மகள் மார்த்தாவை அடைந்தது. 1914இல் அவரும் ஒரு தொகுதி வெளியிட்டார். அப்பங்கு 1950இல் ஹார்வர்டு சேர்ந்தது. மேபெலின் பங்கை அவர் மகள் மில்லிசென்ட் 1956இல் ஆமர்ஸ்ட் கல்லூரிக்கு அளித்தார். பாட்டனார் வீட்டை விழுங்கிய கல்லூரி அதுவே.