கொச்சிக்கடை அந்தோனியார்
வரிப்பத்தான்சேனை மக்களுக்குக் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது நாயகம் நினைவாக ஏறும் கொடி புதிதன்று. கடலை நம்பி வாழ்வோர் இறைநேசரைத் துணைக்கழைத்தல் பண்டைய வழக்கம். கொழும்புக் கொச்சிக்கடையில் அது தடையை மீறி வளர்ந்தது. கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடுத்திருந்த காலம். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குருவானவர் வணிகர் வேடத்தில் மறைந்து உலவினார். கடலரிப்பால் கலங்கிய மீனவர் அவரை வேண்ட, அவர் சிலுவை நட்டுச் செபித்தார்; கடல் பின்வாங்கியது என்பது மரபு. வரலாற்றாசிரியன் சான்று கேட்பான், மீனவன் கேட்டிலன்! 1231இல் மறைந்த பதுவை அந்தோனியாரிடம், தொலைந்த சாவி முதல் தள்ளிப்போகும் திருமணம் வரை, செவ்வாய்தோறும் முறையிடுவோருள் இந்துக்களும் பௌத்தரும் முஸ்லிம்களும் உளர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, அவ்வாலயத்தில் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். யூன் 12இல், திருநாளுக்கு முதல்நாள், கதவுகள் மீண்டும் திறந்தன.