பட்டத்துக்குப் பிறகு படித்த படிப்பு



"பி.பி.டி. முடிச்சாச்சு, இனிமே புஸ்தகமே வேணாம்டா சாமி" என்று பட்டமளிப்பு விழா அன்று சொல்லாதவர் நம்மில் குறைவு. மறுவாரமே முதல் நோயாளி வந்து உட்கார்ந்து, "ஸார், இந்தக் கை ஏன் மேலே தூக்க வரலை?" என்று கேட்டதும் பழைய நோட்டைத் தேடி ஓடியவர்களும் நாம்தான். கல்லூரியை விட்ட பிறகு ஓர் இயன்முறை மருத்துவர் யாரிடம் படித்தார், அந்த ஆசானை எதை வைத்து நம்பினார் என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. செல்போனில் ரீல்ஸ் பார்த்தே டெக்னிக் கற்றுக்கொள்ளும் இந்த நாளில் அதை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

விளம்பரத்துக்குத் தடை போட்ட சங்கம்

கதை லண்டனில் 1894-ல் தொடங்குகிறது. அப்போது மசாஜ் என்ற பெயர் அங்கே கெட்டுக் கிடந்தது. சிகிச்சை என்று பத்திரிகையில் விளம்பரம் செய்துவிட்டு வேறு தொழில் நடத்திய இடங்களைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலே அந்த வருஷம் எச்சரித்து எழுதியது. முறையாகப் பயிற்சி பெற்றவர்களின் மானமும் சேர்ந்து போனது. லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்ற நான்கு நர்ஸ்கள் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பணிப்பெண்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பரீட்சை வைத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள்.

அவர்கள் போட்ட விதிகளைப் பாருங்கள். டாக்டர் சொல்லாமல் சிகிச்சை செய்யக்கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக்கூடாது. மருத்துவப் பத்திரிகை தவிர வேறெதிலும் விளம்பரம் செய்யக்கூடாது! அந்தச் சங்கம்தான் 1920-ல் அரச சாசனம் பெற்று, 1944-ல் சார்ட்டர்டு சொசைட்டி ஆஃப் பிசியோதெரபி என்று பெயர் மாறியது. ஆக, நம் தொழில் பிறந்தபோதே அதன் முன் நின்ற கேள்வி, "யாரை நம்புவது?" என்பதுதான்.

குருவைத் தேடிப் போன காலம்

அமெரிக்காவில் 1921-ல் மேரி மெக்மில்லன் தலைமையில் சங்கம் உருவானது. அதே வருஷம் அதற்கென்று ஒரு பத்திரிகையும் வந்தது. 1951 செப்டம்பர் 8-ம் தேதி கோபன்ஹேகனில் 11 சங்கங்கள் சேர்ந்து உலகக் கூட்டமைப்பை அமைத்தன. நாம் ஆண்டுதோறும் கொண்டாடும் பிசியோதெரபி தினத்தின் தேதி அங்கிருந்து வந்ததுதான். நம் நாட்டில் பம்பாயைப் போலியோ உலுக்கிய பிறகு, 1953-ல் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பயிற்சிப் பள்ளி பிறந்தது. 1955-ல் இந்திய பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் வந்தது.

நம் வேலூரிலே டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்தபோது, கத்தியோடு வேலை முடிந்துவிடவில்லை. இடம் மாறிய தசைக்குப் புது வேலையைச் சொல்லிக்கொடுக்க இயன்முறை சிகிச்சை தேவைப்பட்டது. இப்படிப்பட்ட வித்தையைப் பக்கத்தில் நின்று, கையைத் தொட்டுத்தான் கற்க முடிந்தது.

அதனால் நம் தொழிலில் குருமார்கள் பெருகினார்கள். ஆஸ்திரேலியாவில் ஜெப்ரி மெயிட்லண்ட் 1964-ல் முதுகெலும்பு பற்றிய தன் நூலை வெளியிட்டார். நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சியின் கதை எல்லா வகுப்பிலும் சொல்லப்படுவது. 1956-ல் கால்வலியோடு வந்த ஒரு நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொன்னாராம். கட்டிலின் தலைப்பக்கம் தூக்கியபடியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதுகு பின்னால் வளைந்து கிடந்தவரைப் பார்த்து மெக்கன்சி பதறிப்போக, அவரோ "பல நாளா இவ்வளவு நல்லா இருந்ததில்லை" என்றாராம். அந்தத் தற்செயலைப் பல வருஷம் சோதித்து 1981-ல் புத்தகமாக்கினார்.

அந்தப் பயிற்சி வகுப்புகளுக்குப் போகப் பணம் வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும். திருச்சியிலும் திருநெல்வேலியிலும் கிளினிக் வைத்திருந்தவருக்கு வாய்த்ததெல்லாம் ஜெராக்ஸ் எடுத்த புத்தகம்தான். குரு சொன்னது சரியா என்று சோதித்துப் பார்க்க வழியில்லை. குரு சொன்னார், அவ்வளவுதான்!

திரையில் வந்த வகுப்பு

1995 ஆகஸ்ட் 15-ல் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. 1999-ல் சிட்னியில் சில இயன்முறை ஆய்வாளர்கள் 'பெட்ரோ' என்ற தகவல் தளத்தைத் திறந்தார்கள். சிகிச்சை முறைகளைச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டி, ஒவ்வொரு சோதனைக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுத்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா? பலனை அளந்தவருக்கு யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியாமல் இருந்ததா? இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் மார்க். இன்று அதில் 60,000-க்கும் மேற்பட்ட பதிவுகள். சின்ன ஊர்க்காரரும் பெரிய குருவைக் கேள்வி கேட்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

2000-களின் கடைசியில் ரேச்சல் லோ என்ற பிரிட்டிஷ் இயன்முறை மருத்துவர் 'பிசியோபீடியா'வைத் தொடங்கினார். தொழில் செய்பவர்களே எழுதித் திருத்தும் கலைக்களஞ்சியம் அது. தண்டுவடக் காயம் பற்றிய இணைய வகுப்பு ஒன்றை வங்காளதேசத்தில் 48 மாணவர்களிடம் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வாரம் உலகத்தாரோடு சேர்ந்து இணையத்தில் படித்தவர்களும், அதே பாடத்தைத் தனியாகத் திரையில் படித்தவர்களும் ஒரே அளவுக்குத் தேறினார்கள். ஆனால் அங்கே அளந்தது அறிவையும் தன்னம்பிக்கையையும். நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் கையின் பக்குவத்தை யார் திரையில் அளப்பது?

பழைய கேள்வி, புது வேஷம்

2020-ல் கொரோனா வந்து எல்லோரையும் திரைக்குள் தள்ளியது. 2021-ல் உலக மாநாடே இணையத்தில்தான் நடந்தது. கற்கும் வாய்ப்பு வீடு தேடி வந்ததில் சந்தோஷமே. கூடவே இன்னொன்றும் வந்தது. கழுத்தைத் திருகி 'டப்' என்று சத்தம் எழுப்பும் வீடியோவுக்கு லட்சக்கணக்கில் லைக். முதுகுவலி பற்றி 2018-ல் லான்செட் வெளியிட்ட தொடர் கட்டுரைகள், 'படுத்தே கிடக்காதீர்கள், நடமாடுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்' என்பதைத்தான் முன்னால் வைத்தன. அதில் 'டப்' சத்தம் இல்லையே, யார் ஃபார்வர்டு பண்ணுவார்கள்! லைக் எண்ணிக்கைக்கும் பெட்ரோ மார்க்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதை நோயாளி அறியமாட்டார். நாம் அறிந்திருக்க வேண்டும்.

1894-ல் பத்திரிகை விளம்பரம் செய்த வேலையை இன்று ரீல்ஸ் செய்கிறது. இங்கிலாந்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறார்கள். அப்போது நூற்றுக்கு இரண்டரைப் பேரைப் பொறுக்கி, 'இத்தனை நாள் என்ன படித்தாய், காட்டு' என்று கேட்கிறார்கள். நம் நாடு முழுமைக்குமான சட்டம் 2021-ல் வந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கான அந்த தேசிய ஆணையச் சட்டத்தில் நம் தொழிலும் இருக்கிறது. சட்டம் பெயரைக் காக்கும். தரத்தை நாம்தான் காக்க வேண்டும்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் வாட்ஸ்அப் குரூப்பில் 'குட்மார்னிங்' பூக்களுக்கு வாரம் ஒருநாள் லீவு விடுவோம். அன்று ஜூனியர் ஒருவர் பெட்ரோவிலிருந்து ஓர் ஆய்வை எடுத்துப் போடட்டும். சீனியர் ஒருவர் தன் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறதா என்று சொல்லட்டும். நோயாளியின் முகம் தெரியும் வீடியோவை அவர் சம்மதம் இல்லாமல் போடுவதில்லை என்று விதி வைப்போம். வருஷத்துக்கு ஒருமுறை கல்லூரி லேபில் கூடி, கைவித்தையைக் கையாலேயே கற்றுக்கொடுப்போம்.

அந்த நான்கு நர்ஸ்களிடம் திரையும் இல்லை, சட்டமும் இல்லை. தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள், அதனால் தொழில் நின்றது. நாமும் நிற்கவைப்போம்!